சுவரைப் பார்த்து நிற்கும் கழுதை

அந்தக் காலத்தில் கழுதைக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. இன்று நாம் காதைப் பொத்திக்கொள்கிற கத்தல் அல்ல. கொஞ்சம் கனத்த குரலில், யோசித்து யோசித்துப் பேசும் நிதானமான பேச்சு. காகம் ஊர் வம்பு பேசியது. ஒலிவ மரம் தனக்குள் முணுமுணுத்தது. எறும்புகூட வரிசையில் போகும்போது ஏதோ சொல்லிக்கொண்டே போனது. கழுதை மட்டும் பெரும்பாலும் கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். அதனாலேயே அதை மந்தம் என்றார்கள். அதிகம் பேசாதவனை மந்தம் என்பது அன்றைக்கும் வழக்கம்தான்.

அப்போது எருசலேம் நகரத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய வாசல் திறந்திருந்தது. நகரத்துக்கு வாசல்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்டு மந்தை நுழைய ஒன்று, மீன் கூடை நுழைய ஒன்று, குப்பை வெளியே போக ஒன்று என்று பல இருந்தன. கிழக்கு வாசல் வழியாகவும் ஜனங்கள் போய் வந்தார்கள். ஆனால் அது தங்களுக்காகக் கட்டிய வாசல் அல்ல என்று எல்லாருக்கும் தெரியும். அது ஒருவருக்காகக் காத்திருந்த வாசல்.

ஒரு ராஜா வருவார். வாசலுக்கு எதிரே இருக்கும் ஒலிவ மலையின்மேல் அவர் கால் படும். மலை இறங்கி, கெதரோன் பள்ளத்தாக்கைத் தாண்டி, இந்தக் கிழக்கு வாசல் வழியாக ஊருக்குள் வருவார். அன்றோடு அழுகிறவர்களின் கண்ணீர் நிற்கும். பழைய தீர்க்கதரிசிகள் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். காலம் போகப் போக ஊரில் இரண்டு பேச்சு உண்டாயிற்று. ஒரு சாரார், "அவர் இனிமேல்தான் வரணும்" என்றார்கள். இன்னொரு சாரார், "அவர் ஒரு தடவை வந்தாச்சு, நாமதான் கவனிக்கல, மறுபடியும் வருவார்" என்றார்கள். கிணற்றடியிலும் சந்தையிலும் வாய் வலிக்க இதைப் பேசினார்கள். எப்படிப் பேசினாலும் கடைசியில் இரண்டு சாராரும் கை நீட்டிக் காட்டியது இந்த ஒரே வாசலைத்தான்.

அவர் குதிரையில் வரமாட்டார், கழுதையில்தான் வருவார் என்பதிலும் சண்டை இல்லை. ஆகவே வாசல் காவலில் ஒரு முறை இருந்தது. உள்ளே திறக்க ஒரு ஆள், வெளியே சுமக்க ஒரு கழுதை. அந்தக் கழுதையின்மேல் யாரும் ஏறக்கூடாது, ஒரு பிடி புல்கூட ஏற்றக்கூடாது. ராஜா ஏறும் முதுகு அது.

இந்தக் கதை நடந்த காலத்தில் உள்ளே திறந்தவர் பெயர் மல்கியா. தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாரும் அந்த வாசலைத் திறந்து மூடியே செத்தவர்கள். மனைவி முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவருக்கு இருந்ததெல்லாம் வாசலும், வெளியே நின்ற கழுதையும்தான். தாய் செத்துப்போன கழுதைக்குட்டி ஒன்றைத் துணியில் பால் நனைத்து ஊட்டி வளர்த்திருந்தார். திம்னாள் என்று பெயர் வைத்தார். மனைவி தனக்குப் பெண் பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயர் அது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விடியற்காலையில் மல்கியா தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறப்பார். திம்னாள் வெளியே போய்ப் படிக்கல் அருகில் மலையைப் பார்த்து நிற்பாள். மல்கியா உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

"கிழக்கே என்ன செய்தி?"

"சூரியன் மட்டும்தான், அய்யா."

"அதுவாவது தவறாம வருதே" என்று சிரித்துக்கொண்டு அவர் உள்ளே போய்விடுவார். பொழுது சாயும்போது அவளை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்துவார். அவர் சுவரோரம் படுப்பார், அவள் பக்கத்தில் நிற்பாள்.

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு சட்டம் உண்டு. கேள்வி எப்போதும் உள்ளேயிருந்துதான் வரவேண்டும். வெளியே நிற்பவள் முந்திக்கொண்டு பேசக்கூடாது. அவள் முந்திக் குரல் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ராஜா வந்துவிட்டார். அந்தக் குரல் கேட்டதும் மல்கியா இரண்டு கதவையும் விரியத் திறந்து, ஊரெல்லாம் கேட்கக் கொம்பு ஊதவேண்டும். ஆகவே திம்னாள் வயிறு வலித்தாலும், தேள் கொட்டினாலும், வெளியே நிற்கும்போது வாயைத் திறந்ததில்லை.

பாதையில் போகும் சுமைக் கழுதைகள் அவளைப் பார்த்துக் கேலி பேசும்.

"என்ன ராஜா வீட்டு மருமகளே, மாப்பிள்ளை இன்னும் வரலியா?"

"முதுகு கூசுதாம்மா? ஒரு மூட்டை தரவா?"

அவள் பதில் சொல்லமாட்டாள். ஆனால் அவை போன பிறகு அவற்றின் குளம்புச் சத்தம் மறையும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். சுமை சுமந்தாலும் அவை கூட்டமாகப் போகின்றன என்று அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணம் வந்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

இப்படி இருக்கையில் அந்த நகரத்துக்குப் புதிதாக ஒரு அதிபதி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்த அன்றே நாற்காலி போய்விடுமோ என்று பயப்படுகிற ஆள். யாரோ ஒருவர் கழுதைமேல் வந்து ஊரை வாங்கிக்கொள்வார் என்று கேட்டதும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அந்த வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுங்கள்" என்றான்.

அவனுக்கு ஆலோசனை சொல்ல ஒருவன் இருந்தான். அவன் கொஞ்சம் படித்தவன். "அது மட்டும் போதாது. ராஜாவுக்கு முன்னால் ஒரு தூதன் வருவான் என்கிறார்கள். அவன் கோயில் பணி செய்யும் ஆசாரியர் குலமாம். ஆசாரியர்கள் தீட்டு என்று கல்லறையை மிதிக்கமாட்டார்கள். வாசலுக்கு முன்னால் பிணத்தைப் புதைத்துவிட்டால் தூதனும் வரமாட்டான், ராஜாவும் வரமாட்டார்" என்றான். கண்ணீரைத் துடைக்க வருகிறவரைக் கல்லும் கல்லறையும் தடுத்துவிடும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பயம் வந்தால் புத்தி குப்புறப் படுத்துக்கொள்ளும்.

கொத்தன்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் பெத்தாயா என்பவன், மல்கியாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். அவன் மல்கியாவின் முகத்தைப் பார்க்காமலே நூல் பிடித்தான்.

"கோவிச்சுக்காத மல்கியா. கல்லு வைக்கறது என் பொழப்பு."

"திறக்கறது என் பொழப்பு. நீ வையி, நான் திறந்துக்கறேன்" என்றார் மல்கியா.

கதவுக்கு வெளிப்பக்கமாகச் சுவர் எழும்பியது. முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. திம்னாள் உள்ளே மல்கியாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் ஒரு வரிசை வைத்தால் கழுதையால் தாண்ட முடியாது. எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இங்கேயே இரு என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று அவருக்குப் பயம்.

அவள்தான் கேட்டாள். "ராஜா எந்தப் பக்கமிருந்து வருவாரு, அய்யா?"

"அந்தப் பக்கம்."

"அப்ப நான் அந்தப் பக்கம்தானே நிக்கணும்?"

மல்கியா அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றார். "நான் இந்தப் பக்கம் இருப்பேன், தாயி. எங்கயும் போகமாட்டேன்."

அவள் பின்னால் போய், ஓடி வந்து, சுவரைத் தாண்டிக் குதித்தாள். முன்காலில் தோல் உரிந்தது. அவர் சுவருக்கு மேலே கையை நீட்டி அவள் நெற்றியைத் தடவினார். அடுத்த வரிசை வைக்கும்வரை கை அங்கேயே இருந்தது. பெத்தாயா கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றான். பிறகு, "கையை எடு மல்கியா, நசுங்கிரும்" என்றான்.

பெத்தாயா கெட்டவன் அல்ல. கடைசியில் கழுதை வாய் உயரத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கைச் சாந்து பூசாமல் விட்டுவிட்டுப் போனான். கேட்டவர்களிடம், "தண்ணி வடியறதுக்கு" என்றான்.

மறுநாள் விடியற்காலையில் மல்கியா வழக்கம்போல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். எதிரே கல். அவர் கல்லுக்கு அருகே போய், இடுக்கில் வாயை வைத்தார்.

"கிழக்கே என்ன செய்தி?"

"சூரியன் மட்டும்தான், அய்யா."

"அதுவாவது தவறாம வருதே" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அதன் பிறகு நாற்பது வருஷங்கள் போயின. வாசலுக்கு முன்னால் ஒவ்வொரு கல்லறையாகப் பெருகியது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள், அழுவார்கள், புதைப்பார்கள், கல்லறைமேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு இருக்கிற அமைதி, அவர்கள் வருவதற்கு முன் இருந்த அமைதியைவிட மோசமாக இருந்தது. கோடையில் அனல் காற்று, மழைக்காலத்தில் எலும்புக்குள் இறங்கும் குளிர். கல்லறைக்கு நடுவே முளைத்த முள்ளைத் தின்று திம்னாள் உயிர் வைத்திருந்தாள். ராஜாவுக்காக வைத்திருந்த முதுகில் மழைதான் ஏறியது, வெயில்தான் ஏறியது. யாராவது அந்த முதுகைத் தொட மாட்டார்களா, ஒரு மூட்டையாவது ஏற்றிவிட மாட்டார்களா என்று சில நாள் அவள் மனசு ஏங்கியது. நாள் முழுதும் ஒரே ஒரு பேச்சு, விடியற்காலையில் இடுக்கு வழியாக வரும் அந்த மூன்று வார்த்தைதான். அதற்காக அவள் மிச்சப் பொழுதையெல்லாம் தள்ளினாள்.

உள்ளே மல்கியாவுக்கும் அதே கதைதான். "அடைச்ச வாசலுக்கு ஒரு காவல்காரன்" என்று தெருவில் சிரித்தார்கள். வேறு வேலை பார்க்கச் சொன்னார்கள். அவர் காலையில் கல்லைப் பார்த்துக் கதவைத் திறந்தார், மாலையில் கல்லைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். ஒருநாள்கூட விட்டதில்லை. வயது ஏற ஏற அவர் குரல் மெலிந்தது. அந்தக் கேள்வி பதிலைத் தவிர வேறொன்றும் பேசுவது முறையில்லை என்றாலும், எப்போதாவது இடுக்கு வழியாக ஒரு பேரீச்சம்பழம் உருண்டு வரும். அன்று அவளுக்குப் பண்டிகை.

பிறகு ஒருநாள் காலையில் கேள்வி வரவில்லை.

சூரியன் ஒலிவ மலைக்கு மேலே வந்து, கல்லறைகள்மேல் விழுந்து, சுவரில் ஏறியது. திம்னாள் இடுக்கில் காதை வைத்து நின்றாள். சத்தமே இல்லை. அசந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் அவர் ஒருநாள்கூட அசந்து தூங்கியதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதும் ஒரு துணைதான்.

கூப்பிட்டால் என்ன? "அய்யா" என்று ஒரே ஒரு சொல். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் முந்திக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம். கிழவர் எழுந்து ஓடிவருவார், நடுங்கும் கையால் கதவை விரியத் திறப்பார், கொம்பை எடுத்து ஊதுவார். ஊர் கூடும். வந்து பார்த்தால் கல்தான் இருக்கும். அந்த அவமானத்தை அவருக்கு எப்படிக் கொடுப்பது? வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் நாளும் கேள்வி வரவில்லை. அன்று மத்தியானம் இடுக்கு வழியாக இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கூப்பிடு, கூப்பிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சட்டம் கூடாது என்றது. அன்று கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்னவோ. இதைப் பிற்பாடு அவள் எத்தனை தடவை நினைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் விடிந்தது. அன்றும் கேள்வி இல்லை. திம்னாள் ஒலிவ மலையை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். மலைமேல் யாரும் இல்லை. "கொஞ்சம் பொறுத்து வாங்க ராஜாவே" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.

மதிலை ஒட்டியே தெற்கே நடந்து, மூலை திரும்பி, குப்பை வாசலுக்கு வந்தாள். நகரத்துக்குள் போக அதுதான் பக்கத்து வாசல். அங்கே இருந்த காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"சொந்தக்காரன் இல்லாம, சுமையும் இல்லாம எங்க உள்ள போற? ஊர் சுத்தற கழுதைங்களைப் பட்டியில அடைக்கச் சொல்லி உத்தரவு."

"நான் கிழக்கு வாசல் கழுதை."

"கிழக்க ஏது வாசல்?" என்றான் அவன். இளவயதுக்காரன். உண்மையாகவே அவனுக்குத் தெரியாது.

பின்னால் ஒரு விறகுக்காரி நின்றாள். செருயாள் என்று பெயர். தலையில் ஒரு கட்டு, முதுகில் ஒரு கட்டு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஏம்மா, அவசரமா போகணுமா? என் விறகைக் கொஞ்சம் ஏத்திக்கோ. என் கழுதைன்னு சொல்லிக்கறேன். எனக்கும் கழுத்து ஒடியுது."

திம்னாள் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரு துரும்பு ஏறாத முதுகு. அதற்காகத்தான் கூட்டம் இல்லாமல், குட்டி இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கல்லறைக்கு நடுவே நின்றாள். அந்த முதுகு போய்விட்டால் இத்தனை வருஷமும் எதற்கு? ராஜா வந்து நின்றால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது? அப்போது அந்த இருமல் சத்தம் அவள் காதில் திரும்பவும் கேட்டதுபோல் இருந்தது.

அவள் முன்னால் ஒரு அடி வைத்து, விறகுக்காரிக்கு எட்டும்படி முதுகைத் தாழ்த்தினாள்.

"ஏத்துங்க" என்றாள்.

விறகு கனத்தது. பட்டை உரசி உரசித் தோலைக் கிழித்தது. ஆனால் அதைவிட அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஒருத்தி கட்டைப் பிடித்தபடி கூடவே நடந்து வருவது. சுமை என்றால் இதுதானா, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

கிழக்கு வாசலின் உட்புறம் இருட்டாக இருந்தது. கதவு ஒன்று பாதி திறந்திருந்தது. மல்கியா தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்தபடியே கீழே விழுந்து கிடந்தார். கதவைத் திறக்கும்போதே விழுந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. செருயாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வாயை நனைத்தாள்.

அவர் கண் திறந்தார். கண்ணில் பார்வை இல்லை. முகத்தைக் கல் சுவர் பக்கம் திருப்பி, அந்த இடுக்கைத் தேடினார். குரல் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

"கிழக்கே... என்ன செய்தி?"

திம்னாள் அவர் பக்கத்திலேயே, அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கிழக்கே என்ன செய்தி என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் பார்த்த பார்வையை அன்று காலையில்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால், அப்படியானால் அங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்பார். வாசலுக்கு வெளியே யாருமில்லை என்ற செய்தியோடு அவர் போகவேண்டுமா?

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருக்கட்டும் என்று இடுக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"சூரியன் மட்டும்தான், அய்யா."

"அதுவாவது..." என்றார் மல்கியா. மிச்சத்தைச் சொல்லவில்லை.

செருயாள் அவர் கண்களை மூடினாள். திம்னாள் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதைக் கேட்டவர், அவள் திருத்திச் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டார்.

அவர்கள் வழக்கப்படி பொழுது சாயுமுன் புதைத்தாக வேண்டும். தூக்க ஆள் இல்லை. செருயாள் தெருவில் நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டாள். விறகை இறக்கிவிட்டு, துணியில் சுற்றிய மல்கியாவைத் திம்னாளின் முதுகில் ஏற்றினார்கள். விறகைவிட அவர் இலேசாக இருந்தார். குப்பை வாசல் வழியாக வெளியே வந்து, மதிலைச் சுற்றி, கிழக்கு வாசலுக்கு முன்னால், அவள் நாற்பது வருஷம் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள். வாழ்நாள் முழுதும் உள்ளே இருந்தவர் கடைசியில் வெளியே வந்து சேர்ந்தார்.

செருயாள் கல்லறைமேல் ஒரு கூழாங்கல் வைத்தாள். திம்னாள் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"இனிமே ராஜா வந்தா என் மேல ஏறுவாரா, அக்கா?"

செருயாள் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "ஏறாம? அவரும் கனமாத்தானே இருப்பாரு. சுமந்து பழகாத முதுகு தாங்குமா?" என்றாள். திம்னாளின் முதுகில் விறகு கிழித்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அந்தத் தொடுதல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

எல்லாரும் போன பிறகு திம்னாள் ஒலிவ மரத்தில் இருந்த காகத்தைப் பார்த்தாள்.

"நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா?"

"வராம என்ன? காலையில ஒரு சாவு. நாப்பது பேரு வந்தாங்க" என்றது காகம். "அவங்க போன பெறகு ஒரே புழுதிக் காத்து. கண்ணே தெரியல. மலையிலருந்து யாரோ ஒருத்தர் தனியா இறங்கி வந்த மாதிரி இருந்துச்சு. சுவர் வரைக்கும் வந்தாரு. நீ நிக்கற இடத்துல கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் காணோம்."

"யாரு அவரு? எப்படி இருந்தாரு?"

"அதான் புழுதின்னு சொன்னேனே. கல்லறையைத் தேடி வந்தவரா இருக்கும். ஆடு தேடி வந்தவரா இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

ஒலிவ மரத்தைக் கேட்டாள். அது புழுதிக்கு இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றதாம். தரையைப் பார்த்தாள். நாற்பது பேர் மிதித்த மண், காற்று வாரிப்போட்ட மண். எந்தக் காலடி எந்தப் பக்கம் போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்?

ஊரில் ஒரு சாரார் வந்துவிட்டார் என்றும், ஒரு சாரார் இனிமேல்தான் என்றும் சண்டை போட்டபோது அவளுக்கு அது விளங்கியதே இல்லை. வந்தால் தெரியாதா என்று நினைப்பாள். இப்போது அந்த இரண்டு பேச்சும் அவள் ஒருத்திக்குள்ளேயே நின்று சண்டை போட்டன.

மறுநாள் விடிந்தது. உள்ளே கேட்க ஆள் இல்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? மல்கியா கிடப்பது தன் காலடியில் என்று தெரிந்திருந்தும், அவர் காது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பொய்யைத் திருத்தவேண்டும். அவள் இடுக்கில் வாயை வைத்து, யாரும் கேட்காமலே, முதல் தடவையாக முந்திக் குரல் கொடுத்தாள்.

"தெரியல அய்யா! நான் பார்க்கல அய்யா!"

பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். மூச்சை உள்ளே இழுத்தும் சொன்னாள், வெளியே விட்டும் சொன்னாள். நாள் முழுதும் கத்தினாள். பொழுது சாயும்போது குரல் கிழிந்தது. சொல்லெல்லாம் உதிர்ந்துபோய், உள்ளே போகும் மூச்சும் வெளியே வரும் மூச்சும் மட்டும் சத்தமாக மிஞ்சின. கொம்பு ஊத அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பிறகு அவள் செருயாளோடு போய் விறகு சுமந்தாள். அந்தக் காலத்துக் கழுதைக்கு ஆயுசு நீளம், அடுத்தடுத்துக் குட்டிகளும் பிறந்தன. யார் எதை ஏற்றினாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் சுமை இறக்கியதும் நேரே கிழக்கு வாசலுக்கு வந்துவிடுவாள். கேள்வி வந்தால் கேட்கவேண்டும் என்று முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொள்வாள். மலையிலிருந்து காலடி வந்தால் கேட்கவேண்டும் என்று காதைப் பின்பக்கம் திருப்பிக்கொள்வாள். குட்டிகளும் அவளுக்கு மிஞ்சிய அந்தக் கத்தலையே பேச்சாகக் கற்று, தாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்று பழகின. அந்தக் குட்டிகளின் குட்டிகள் எந்தெந்த தேசத்துக்கோ போய்ச் சேர்ந்தன. போன இடத்தில் கிழக்கு வாசல் இல்லை. இடிந்த குட்டிச்சுவர்தான் இருந்தது. அவற்றுக்கு அது போதுமாக இருந்தது.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நாம் சிரிக்கிறோம். அது கெட்டுப்போய் அங்கே நிற்கவில்லை. அன்று முதல்தான் கழுதை, வேலை முடிந்தால் ஒரு சுவரைத் தேடிப்போய் முகத்தை அதில் வைத்து, காதைப் பின்னால் திருப்பி, கேட்க ஆளில்லாத கேள்விக்குப் பதிலை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது.